சங்கிலி என்று எழுதினார்கள்

எங்கள் கடையில் அக்காவுக்கு நாற்காலி கிடையாது. வெட்டு மேசைக்கு முன்னால் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பாள். உட்கார்ந்து வெட்டினால் துணி கோணும் என்பாள். நான் எட்டு வருடமாக அவளிடம், பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைக்கிறேன். அத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம்கூட அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வாங்கிப்போன ஜாக்கெட்டை ஆறு மாதம் போட்டுவிட்டு வந்து "அளவு சரியில்லை" என்று சண்டை பிடிப்பவர்களிடமும், "உங்க உடம்பு கொஞ்சம் மாறியிருக்குங்க, பிரிச்சுத் தர்றேன்" என்றுதான் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் தன் வளர்ப்புக் குழந்தையைச் சங்கிலி போட்டுக் கட்டிவைக்கிறாள் என்று ஒரு பள்ளிக்கூடம் காகிதத்தில் எழுதி, முத்திரை குத்தி, மேலே அனுப்பியது. நடந்ததையெல்லாம் இரண்டு கை தூரத்தில் இருந்து பார்த்தவள் நான். அவர்கள் எழுதியது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் பார்த்தது இது.

அக்கா பதினாறு வயதில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவள். ஒன்பது வருடம் காலர் மட்டும் தைத்தாள். ஒரு சட்டையை முழுசாகத் தைத்துப் பார்க்க அங்கே விடவில்லை. கல்யாணமான பிறகு இந்தக் கடையைப் போட்டாள். அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், டவுன் பஸ் ஓட்டுகிறார். பதினோரு வருடம் குழந்தை இல்லை. தத்தெடுக்கக் கேட்டபோது, உங்கள் வயதுக்குக் கைக்குழந்தை தர முடியாது, வேறு நாட்டு இல்லம் ஒன்றில் வளர்ந்த குழந்தை இருக்கிறது, சம்மதமா என்றார்கள். வளர்ந்த குழந்தை என்றால் நாலரை வயது.

இரண்டு வருடத்துக்குக் குழந்தை தற்காலிகமாகத்தான் இவர்களிடம் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். நாலாவது அறிக்கை நல்லபடியாகப் போனால்தான் இறுதி ஆணை. அதுவரை எந்த நிமிடமும் குழந்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இது முதல் நாளே கையெழுத்து வாங்கிய விஷயம்.

அந்த இல்லத்தில் இருந்து குழந்தையோடு ஒரே ஒரு தாள் வந்தது. உயரம், எடை, போட்ட தடுப்பூசிகள். கடைசியில் ஒரு வரி: "ஆரோக்கியமானவள், அமைதியானவள், தொந்தரவு தராதவள்." அந்த வரியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு வார்த்தை கேட்பேன். நாலு வயதுப் பிள்ளை தொந்தரவு தரவில்லை என்றால், அதை என்ன செய்து வைத்திருந்தீர்கள்?

குழந்தை வருவதற்கு முன்பே அக்கா பதினோரு கவுன் தைத்துவிட்டாள். அளவு எடுக்காமல் கைக்குட்டைகூடத் தைக்காதவள், தாளில் இருந்த உயரத்தையும் ஒரு போட்டோவையும் வைத்துக் கணக்குப் போட்டாள். கழுத்தில் லேஸ், இடுப்பில் சுருக்கு, உள்ளே வலைத்துணி. அளவு அச்சு மாதிரி பொருந்தியது. ஆனால் முதல் கவுனைப் போட்ட அரை நிமிடத்தில் குழந்தை கத்திய கத்தலில் எதிர்க்கடை மருந்துக்காரர் ஓடி வந்துவிட்டார். கவுனின் கழுத்தைப் பிய்த்தாள். அக்காவின் மணிக்கட்டைக் கடித்தாள். அம்மணமாக மேசைக்கு அடியில் போய், வெட்டித் தள்ளிய துணிக் குவியலுக்குள் புதைந்துகொண்டாள்.

இங்கேதான் அக்கா ஒரு தையல்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தாள். குறை தையலில் இருக்கிறது என்று நினைத்தாள். கவுனைப் பிரித்து இன்னும் நேர்த்தியாகத் தைத்தாள். லைனிங் வைத்தாள். லைனிங்குக்கு ஓரம் கட்டினாள். கைவிளிம்புக்கு எலாஸ்டிக் போட்டாள். அவள் திருத்தத் திருத்த உள்பக்கத்தில் தையல் கூடிக்கொண்டே போனது. குழந்தையின் கத்தலும் கூடிக்கொண்டே போனது.

"என் கைத்தையல் அவளுக்குப் பிடிக்கலடி" என்றாள் ஒருநாள், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு. "என்னைப் பிடிக்கலன்னு அர்த்தம்."

மாமாதான் பேச்சை மாற்றினார். துணிக் குவியலில் இருந்து தலை முழுக்கப் பிசிறோடு எழுந்து நின்ற குழந்தையைப் பார்த்து, "இந்தா வருது பாரு பஞ்சு மூட்டை" என்றார். அன்றிலிருந்து அவள் பெயர் பஞ்சு. பதிவேட்டில் இருக்கும் பெயரை எங்களில் யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. சொன்னாலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்சு என்றால் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் அவளே குவியலில் இருந்து ஒரு கவுனை எடுத்தாள். அதைத் திருப்பினாள். உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி தலை வழியாகப் போட்டுக்கொண்டு, மிஷின் பலகையின் விளிம்பில் வயிற்றை அழுத்திச் சாய்ந்து நின்றாள். மிஷின் ஓட ஓட அவள் கண் சொருகியது. எனக்கு அப்போதே புரிந்தது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. முதலாளியம்மாவின் தையலைப் பற்றிக் காஜா எடுக்கிறவள் என்ன சொல்வது? இரண்டு நாள் விழுங்கிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது நாள் அக்காவே பார்த்துவிட்டாள். கவுனின் உள்பக்கத் தையல் மேல் தன் விரலை மெதுவாக ஓட்டினாள். பிறகு கழுத்தின் உள்பக்கத்தை எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள்.

"ரம்பம் மாதிரி இருக்குடி" என்றாள். "இருபது வருஷமா தைக்கிறேன். உள்பக்கம் எப்படி இருக்கும்னு ஒருநாளும் கன்னத்துல வெச்சுப் பாத்ததில்ல."

அன்றைக்கே பதினோரு கவுனும் பிரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு பஞ்சுவுக்குத் தைத்த எல்லாவற்றிலும் தையல் வெளியே இருந்தது. உள்ளே கை வைத்தால் தண்ணீர் மாதிரி வழுக்கும்.

உடை ஒன்றுதான் சரியானது. மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் மோதுவாள். குழாய்த் தண்ணீர் தலையில் விழுந்தால் மூச்சுத் திணறுவாள். ஈரச் சோறு நாக்கில் பட்டால் ஓங்கரிப்பாள். ரொட்டி ஓரம், வறுத்தது, கடக்கென்று கடிபடுவது மட்டும் இறங்கும். ஆனால் வேண்டுமென்றே மாடிப்படியில் இருந்து விழுவாள். சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடி விழுவாள்.

வந்து இரண்டாவது மாதம், துணி கருகுகிற வாசனை வந்தது. நான் எந்தத் துணி என்று தேடினேன். எதுவும் இல்லை. கால் மணி நேரம் கழித்து அக்கா அவள் கையில் ரொட்டியைக் கொடுக்கப்போனபோதுதான் பார்த்தாள். இடது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சூடான இஸ்திரிப் பெட்டியில் கையை வைத்திருக்கிறாள். அழவில்லை. யாரிடமும் வரவில்லை. கையை எடுத்துக்கொண்டு போய் நூல்கண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா அலறியபோது, இந்த அம்மா ஏன் வாயை இவ்வளவு பெரிதாகத் திறக்கிறாள் என்பதுபோலப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் கேட்டார்: "எப்படிம்மா கவனிக்காம விட்டீங்க? அழுதிருப்பாளே?"

"அழலைங்க."

"அழாம எப்படிம்மா இருக்கும்?" என்று சொல்லிவிட்டுச் சீட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். அந்தச் சீட்டின் நகல் அதிகாரியின் ஃபைலுக்குப் போனது.

ஆறு வாரம் காத்திருந்து அதே ஆஸ்பத்திரியில் சிகிச்சைப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாவைப் பார்த்தோம். இந்தக் கதையில் வருகிற பெரிய இடத்து ஆட்களில், உட்கார்ந்து குழந்தையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பஞ்சுவோடு தரையில் உட்கார்ந்து இருபது நிமிடம் மெத்தையைத் தள்ளி விளையாடினார். பிறகு அக்காவிடம் சொன்னார்:

"இவ அடம் பிடிக்கலம்மா. முப்பது தொட்டில் வரிசையா போட்ட ரூம்ல, தூக்க ஆளில்லாம ரெண்டு மூணு வருஷம் படுத்தே கிடந்திருக்கா போல. தொடுறது, சத்தம், வெளிச்சம், வலி இதெல்லாம் பழகவேண்டிய வயசுல பழகல. அதனால சிலது இவளுக்கு அளவுக்கு மீறித் தெரியுது. சிலது தெரியவே மாட்டேங்குது. அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சதும் அழுறதையும் நிறுத்திட்டா."

அக்கா வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, "அமைதியானவள்னு எழுதியிருந்தாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அம்மா சொல்லிக்கொடுத்தது இரண்டு விஷயம். கனமானதைத் தூக்க, தள்ள, இழுக்க விடுங்கள். உடம்பை இறுக்கிப் பிடித்த மாதிரி, கொஞ்சம் கனமாக ஒரு மேல்சட்டை போட்டுவிடுங்கள், சத்தம் அதிகமான இடத்தில் அது இவளுக்குத் துணையாக இருக்கும், ஆனால் எந்நேரமும் வேண்டாம். கைப்படத் தாளில் எழுதியும் கொடுத்தார். அடுத்த முறை பார்க்க ஐந்து மாதம் கழித்துத் தேதி கிடைத்தது.

மாமாவின் அக்கா, எங்கள் அக்காவுக்கு நாத்தனார், அந்த வாரம் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"உலகத்துல இல்லாத பிள்ளையைக் கடல் தாண்டி இழுத்துட்டு வந்தீங்க. இப்ப பாரு, ஆஸ்பத்திரியே கதின்னு கிடக்கிறீங்க. நான் சொல்றேன் கேளு, முதுகுல ரெண்டு போடு. எல்லாம் சரியாயிடும்."

"போட்டா அவளுக்குத் தெரியாது அண்ணி" என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "உங்க கைதான் வலிக்கும்."

அண்ணி காபியைக் குடிக்காமல் போய்விட்டார்.

மேல்சட்டையை அக்கா நாலு நாள் யோசித்து வெட்டினாள். மிஞ்சின பருத்தித் திரைத்துணி, இரண்டு மடிப்பு. கனத்துக்கு என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. மணல் சிந்தும், கல் குத்தும். கடைசியில், ஜன்னல் திரை காற்றில் பறக்காமல் இருக்க அடி ஓரத்தில் வைத்துத் தைப்போமே, சின்னச் சின்ன இரும்பு மணி கோத்த எடைச்சரடு, அதை எடுத்தாள். அதன் மேல் பருத்திப் பஞ்சைச் சுற்றி, துணிக்குள் வரிவரியாக வைத்துத் தைத்தாள். மேலே தடவினால் மணி தெரியாது. முன்பக்கத்தில் ஐந்து பட்டன். காஜா நான் எடுத்தேன். "பெரிசா எடு, அவ விரல் நுழையணும்" என்றாள். பஞ்சுவின் கட்டைவிரலை வைத்து அளந்து எடுத்தேன்.

அதைப் போட்ட முதல் நாள் பஞ்சு மேசைக்கு அடியில் இருந்து வெளியே வந்து, என் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, பட்டன் டப்பாவை நிறம் நிறமாகப் பிரித்தாள். மதியம் மருந்துக் கடைக்காரர் ஷட்டரை இழுத்த சத்தத்துக்குத் தோளை மட்டும் தூக்கினாள். அக்கா கத்தரியைப் பிடித்தபடி அசையாமல் நின்று அதைப் பார்த்தாள். இன்னொரு நாள் பஞ்சு, விரலில் ஊசி குத்தி, "ஆ" என்றாள். அக்கா கடையில் இருந்த மூன்று வாடிக்கையாளரிடமும், "வலிக்குதாம்! என் பிள்ளைக்கு வலிக்குதாம்!" என்று சொன்னாள். அவர்கள் அக்காவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்துதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

தலைமையாசிரியைக்கு ஒழுங்கு என்றால் உயிர். வராந்தாவில் மஞ்சள் கோடு போட்டு அதன் மேல்தான் பிள்ளைகள் நடக்க வேண்டும். பஞ்சு சீருடையைத் திருப்பிப் போட்டு வந்தாள் என்று முதல் வாரத்திலேயே மூன்று முறை வீட்டுக்கு அனுப்பினார். அக்கா விளக்கிச் சொன்னாள். கேட்கவில்லை. சரி என்று, தையல் வெளியே இருந்தாலும் தெரியாதபடி அதே நிறத்தில் ஓரப்பட்டி வைத்து அழகாக ஒரு சீருடை தைத்தாள். அதற்கும் ஒரு குறிப்பு வந்தது: "மற்ற பிள்ளைகளின் உடையில் இல்லாத கோடு உள்ளது. தவிர்க்கவும்."

சிகிச்சை அம்மாவின் தாளை எடுத்துக்கொண்டு அக்கா நேரில் போனாள். மேல்சட்டையைக் காட்டி, சட்டைக்குள்ளே போட்டுவிடுவேன், சத்தமான நேரத்துக்கு மட்டும் என்று சொன்னாள். தலைமையாசிரியை தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சீல் எங்கம்மா?"

"கையெழுத்து இருக்குங்க. ஃபோன் நம்பரும் இருக்கு."

"சீல் இல்லாத சீட்டை நான் ஃபைல்ல வைக்க முடியாது" என்று மேசை விளிம்பில் தள்ளிவிட்டார். அந்த ஃபோன் எண்ணை ஒருமுறை அழுத்திப் பேசியிருந்தால் முடிந்துபோயிருக்கும் விஷயம். பேசவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை. அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. பஞ்சு ஐம்பது வரை எண்ணினாள். தமிழில் வாய் நிறையப் பேச்சு. என்னைச் சித்தி என்று கூப்பிட்டாள். கடைக்கு வரும் பெண்களிடம், "உங்க கை நீளம், துணி பத்தாது" என்று அளவு சொல்வாள். இறுதி ஆணைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

ஒருநாள் மதியம் பள்ளிக்கூட ஆயா பஞ்சுவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கடைக்குள் விட்டுவிட்டு, ஒரு பாலிதீன் பையை மேசையில் வைத்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"என்னை ஒண்ணும் கேக்காதீங்கம்மா. புது டீச்சர் முதுகுல தட்டிக்குடுத்திருக்காங்க. கெட்டியா இருக்குன்னு சட்டையைத் தூக்கிப் பாத்துட்டு ஒரே கூப்பாடு. ஆபீஸ் ரூம்ல வெச்சு நாலு பேர் பிடிச்சுக் கழட்டினாங்க. பிள்ளை துடிச்சிருச்சு. என்னால பாக்க முடியல."

பையில் மேல்சட்டை இருந்தது. கழற்றவில்லை. வெட்டியிருந்தார்கள். ஐந்து பட்டனும் போட்டபடியே இருக்க, அதற்குப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை கத்தரியால் வெட்டியிருந்தார்கள். வெட்டுவாயில் எடைச்சரடு தொங்கியது.

அக்கா அந்த வெட்டின் மேல் விரலை வைத்தாள். "பிள்ளை உடம்புல இருக்கும்போது வெட்டியிருக்காங்க" என்றாள். "பாரு, கோணலா போயிருக்கு. அவ துள்ளியிருக்கா. இங்க கத்தரி முனை நின்னுருக்கு." பஞ்சுவின் பனியனைத் தூக்கினாள். விலாவில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல்.

பஞ்சு மேசைக்கு அடியில் போய்விட்டாள். நாலு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழும் இல்லை, அவள் கொண்டுவந்த மொழியும் இல்லை.

ஐந்தாவது நாள், பள்ளிக்கூடம் தத்து அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் வந்தது. மாமா அதை மூன்று முறை படித்தார். "மேற்படி குழந்தையின் உடலில் ஆடைக்குள் மறைவாக இரும்புச் சங்கிலி கட்டப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு, ஆசிரியர்களால் அகற்றப்பட்டது." கூடவே, தொங்கும் சரட்டை மட்டும் நெருக்கத்தில் எடுத்த போட்டோ. அக்கா முன்பே கொண்டுபோய்க் காட்டிய மேல்சட்டையின் படம் இல்லை. விலாக் கீறலின் படம் இல்லை. அடுத்த திங்கட்கிழமை அதிகாரி பள்ளிக்கே வருவார், அவர் அறிக்கையைப் பொறுத்துக் குழந்தையைத் தொடர்ந்து வைத்திருப்பது முடிவாகும்.

மாமா ஸ்டியரிங் பிடிக்கிற கையை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "கூட்டிட்டுப் போயிடுவாங்களா?" என்றார். அக்கா மிச்சமிருந்த திரைத்துணியை உதறி மேசையில் விரித்து, இன்னொரு மேல்சட்டை வெட்ட ஆரம்பித்தாள். அதிகாரி வரும் நாளில் அதைப் போட்டுக் கூட்டிப்போவது புத்தியா என்று மாமா கேட்டார். "நான் தப்புப் பண்ணலன்னா எதுக்கு ஒளிக்கணும்?" என்றாள்.

திங்கட்கிழமை மாமாவுக்கு ட்யூட்டி மாற்றிக் கிடைக்கவில்லை. "கூட வாடி, பக்கத்துல ஒரு ஆள் இருந்தாப் போதும்" என்று அக்கா என்னைக் கூட்டிப்போனாள். தலைமையாசிரியையின் அறையில் இரும்பு பீரோ, கண்ணாடி போட்ட மேசை, கண்சிமிட்டும் டியூப்லைட். அதிகாரி ஐம்பது வயதுப் பெண், முன்பு வீட்டுக்கு வந்தவருக்குப் பதிலாகப் புதிதாக வந்தவர். மடியில் ஃபைலை வைத்து, மூடி கழற்றிய பேனாவோடு உட்கார்ந்திருந்தார். முதல் தாளாக ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான் எடுத்தார்.

"ஏற்கெனவே கவனக்குறைவுன்னு ஒண்ணு இருக்கு. இப்ப இது. என்னம்மா சொல்றீங்க?"

அக்கா சிகிச்சை அம்மாவின் தாளைக் கொடுத்தாள். அதிகாரி படித்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது என்றுதான் எனக்குத் தோன்றியது. தலைமையாசிரியை விடவில்லை.

"மேடம், அதுல சீல் இல்ல. யார் வேணா எழுதலாம். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, இவங்க கட்டிப்போட்டுப் பழக்கி வெச்சிருக்காங்க. இப்பவும் போட்டிருக்கா பாருங்க. கழட்டிட்டு அரை மணி நேரம் சும்மா உக்காரட்டும். அம்மா பக்கத்துல போகக்கூடாது. அப்ப உண்மை தெரிஞ்சுடும்."

அதிகாரி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "நீங்க தொடக்கூடாதும்மா. தொட்டா அதையும் எழுதவேண்டி வரும்."

பஞ்சுவைக் கழற்றச் சொன்னார்கள். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கண்ணால் சரி என்றாள். பஞ்சு ஐந்து பட்டனையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, மேல்சட்டையை மடித்து அதிகாரியிடம் கொடுத்தாள். அதிகாரி அதை மடியில் ஃபைலின் மேல் வைத்துக்கொண்டார்.

பத்து நிமிடம் பஞ்சு பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு சாப்பாட்டு மணி அடித்தது. மணி அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியேதான் தொங்குகிறது. அதற்குப் பின்னால் முந்நூறு பிள்ளைகளும் தட்டும் தண்ணீர் பாட்டிலுமாக வராந்தாவில் இறங்கினார்கள்.

பஞ்சு காதைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் இருந்து நழுவினாள். தவழ்ந்து போய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தன்னைத் திணித்துக்கொண்டாள். தலை பீரோவில் மோதியது. மறுபடியும். மறுபடியும். இரும்பு அதிர்ந்தது.

"பாத்தீங்களா?" என்றார் தலைமையாசிரியை. ஏதோ சோதனையில் ஜெயித்தவர் மாதிரி. "இதைத்தான் தினமும் நாங்க பாத்துட்டு இருக்கோம்."

பொய். தினமும் அவர்கள் பார்த்தது ஐம்பது வரை எண்ணுகிற குழந்தையை.

அக்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். "மேடம், நெத்தி கிழிஞ்சுடும்" என்றாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றார் தலைமையாசிரியை. நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு என் மேலும் உண்டு.

சுவரோரத்தில் இருந்து சத்தம் வந்தது. "அம்மா, வலிக்குது."

இஸ்திரிப் பெட்டியில் உள்ளங்கை வெந்தபோது யாரிடமும் வராத பிள்ளை சொன்னது அது.

அக்கா எழுந்தாள். நேராக அதிகாரியிடம் போய், கேட்காமல், அவர் மடியில் இருந்த மேல்சட்டையை உருவினாள். ஃபைல் சரிந்து தாள்கள் தரை முழுக்கப் பறந்தன. "ஏம்மா!" என்று அதிகாரி எழுந்துவிட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்சுவிடம் போனாள். தொடவில்லை. மேல்சட்டையைத் தரையில் அவளுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள்.

ஒரு கை வெளியே வந்து அதை இழுத்தது. பஞ்சு தானே போட்டுக்கொண்டாள். முதல் பட்டனை இரண்டாவது காஜாவில் நுழைத்து, கீழே வந்தபோது ஒன்று மிஞ்சியதைப் பார்த்து, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி முதலில் இருந்து போட்டாள். வெளியே இன்னும் தட்டுச் சத்தம் ஓயவில்லை. கடைசிப் பட்டன் நுழைந்ததும் தோள் இறங்கியது. நெற்றி வீங்கியிருந்தது. அக்காவின் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

அக்கா தரையில் இருந்தபடியே பேசினாள். குரல் உயர்ந்தது. இன்னொருவரைப் பார்த்து அப்படி உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"கட்டிப்போடுறவ பட்டனை முதுகுல வெப்பா மேடம், கை எட்டாத இடத்துல. நான் முன்னாடி வெச்சிருக்கேன். அவ வெரல் நுழையுற அளவுக்குக் காஜா எடுத்திருக்கோம். அவளே போடுறா, அவளே கழட்டுறா. நீங்க வந்ததும் கழட்டி மடிச்சுக் குடுத்தாளே, பாத்தீங்கல்ல? பூட்டிவெச்சது நான் இல்ல. கத்தரியை எடுத்துப் பிள்ளை உடம்புல வெச்சது இவங்க. இப்ப அரை மணி நேரம் கணக்குப் பாத்து அவளை மோதவிட்டது நாம எல்லாரும். எழுதுங்க, அதையும் எழுதுங்க!"

பஞ்சுவின் பனியனைத் தூக்கி விலாவைக் காட்டினாள். கீறல் ஆறி வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். "இது கடிதத்துல இல்லையே" என்று தலைமையாசிரியையைக் கேட்டார். அவர் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானும் அதிகாரியும் குனிந்து தாள்களைப் பொறுக்கினோம். அவர் உட்கார்ந்து நிதானமாக எழுதினார். எழுதியதைக் கையெழுத்துக்காக அக்காவிடம் நீட்டினார். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "குழந்தை பாதுகாப்பாகவும் பாசமாகவும் வளர்க்கப்படுகிறது. தாயிடமே தொடர்வதற்குப் பரிந்துரைக்கப்படுகிறது. தாய் பிடிவாதமானவர், அலுவலரின் அறிவுறுத்தலை மீறினார்."

"பிடிவாதத்துக்கு முன்னாடி 'மிகவும்'னு ஒண்ணு போடுங்க மேடம்" என்றாள் அக்கா. அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே சேர்த்து எழுதினார். அக்கா அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"ஸ்கூலுக்கு இதைப் போட்டுட்டு வரக்கூடாது" என்றார் தலைமையாசிரியை.

"நாளைக்கும் போட்டுட்டுத்தான் வருவா. கழட்டணும்னா அவகிட்ட கேளுங்க, அவளே கழட்டுவா."

நாற்பது நாளில் இறுதி ஆணை வந்தது. பஞ்சு இனி சட்டப்படி இவர்கள் பிள்ளை. மாமா அன்று பஸ் டிப்போ முழுக்க இனிப்புக் கொடுத்தார். அண்ணியும் வந்து பஞ்சுவின் கையில் ஒரு ரொட்டி பாக்கெட்டைத் திணித்துவிட்டுப் போனார்.

ஆணையோடு ஃபைலின் நகல் ஒன்றும் வந்தது. அதில் பதினேழாவது பக்கமாகப் பள்ளியின் கடிதம் அப்படியே இருக்கிறது. போட்டோவும் இருக்கிறது. அதிகாரி அதைப் பொய் என்று எங்கேயும் எழுதவில்லை. பரிந்துரை செய்ததோடு விட்டுவிட்டார். அக்கா அந்தப் பக்கத்தை நீக்கக் கேட்டு மனு கொடுத்தாள். பதில் இல்லை. இன்னொன்று கொடுத்தாள். தவறான பிரிவுக்கு வந்துவிட்டது என்று திரும்பி வந்தது. மூன்றாவது மனுவை நேரில் கொண்டுபோனபோது நானும் போனேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா சலித்துக்கொண்டார்.

"ஆணைதான் கிடைச்சிடுச்சே, குழந்தையும் உங்களோடதாயிடுச்சு. பழைய காகிதம் கிடந்தா கிடந்துட்டுப் போகுது. உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?"

"பதினெட்டு வயசானா இந்த ஃபைலைக் கேட்டு வாங்கிப் படிக்க அவளுக்கு உரிமை இருக்குன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க" என்றாள் அக்கா. "படிப்பா. எங்கிருந்து வந்தோம்னு தெரிஞ்சுக்கப் படிக்கத்தான் செய்வா. அதுல அம்மா சங்கிலி போட்டான்னு இருக்கக்கூடாது."

"அதுக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் இருக்கேம்மா!"

"இருக்கட்டும். நான் வந்துட்டே இருப்பேன்."

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை அக்கா அந்த அலுவலகத்துக்குப் போகிறாள். சும்மா உட்காரப் பிடிக்காது என்று ஹெம்மிங் செய்யவேண்டிய பேண்ட்களைப் பையில் எடுத்துக்கொள்கிறாள். போன மாதம் அதே குமாஸ்தா தன் கால்சட்டையின் அடி பிரிந்திருப்பதைக் காட்டி, தைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். "அந்தப் பக்கத்தை எடுத்துக் குடுங்க, தைச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.